தட்டிக்கு அந்தப் புறம் கேட்டது

எனக்கு வந்தது க்ஷயம் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் மீனாட்சிபுரத்திலிருந்து சித்தூர் வரைக்கும் யாரைக் கேட்டாலும் கொஞ்ச காலம் க்ஷயம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தது ஈரலில் சீழ்க்கட்டி. இதைச் சொல்லப்போனால் இன்னொருவருடைய நோவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரிடம் கேட்டு, எழுதலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன். பேர் யாருடையதும் எழுதப்போவதில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்த ஒரு ஐப்பசியில் காய்ச்சல் தொடங்கியது. மத்தியானம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்துக்குக் குளிர் வரும். சாயங்காலம் உடம்பு அனலாகும். பிறகு வேர்த்து ஊற்றும். மலைக்காய்ச்சல் என்று சொல்லிக் கொயினா வாங்கிக் கொடுத்தார்கள். காது இரைந்ததுதான் மிச்சம். வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஆள் இளைத்துப்போய் வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கூடவே ஒரு வறட்டு இருமல் வந்தது பாருங்கள், அதுதான் என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

மூத்த மகளை வீட்டில் அம்முணி என்று கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவளுக்கு ஆவணியில் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்திருந்தோம். எங்களவர்களில் அது ஆகிவிட்டால் பாதிக் கல்யாணம் ஆன மாதிரி. தை மாதத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நல்ல தோட்டம், ஒரே பையன். பெண்ணின் அப்பனுக்கு க்ஷயம் என்று ஒரு வார்த்தை அவர்கள் காதில் விழுந்தால் போதும், அந்த ரத்தமே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பொய் சொல்வானேன்.

ஆகையால் இருமலை மேல்துண்டுக்குள் அடக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் மாட்டுத்தொழுவத்திலேயே மயங்கி விழுந்த பிறகுதான் வண்டியைக் கட்டினார்கள்.

சித்தூரில் ஒரு டாக்டர் இருந்தார். கல்பாத்திக்காரர். மதராஸில் படித்துவிட்டு வந்து தம் வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார். முன்னால் ஒரு கூடம், பெஞ்சுகள், மருந்து கொடுக்கும் ஜன்னல். அதற்குப் பின்னால் அவர் நோயாளியைப் பார்க்கும் அறை. அதையொட்டி நாலு கட்டில் போட்ட இன்னோர் அறை. இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே சுவர் கிடையாது. மூங்கில் தட்டிதான் நிறுத்தியிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவன் வைத்தியரிடம் போனால் ஒருவனாகப் போவதில்லை. ஒறம்பரை என்று சொல்லும் சொந்தபந்தம் முழுக்க வண்டியேறும். நோவுக்காரன் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பெரியவர்கள் அவனுக்காகச் சொல்வார்கள். வைத்தியரும் மருந்தை அவர்களிடம்தான் சொல்வார். அப்புறம் நாலு ஊரிலிருந்து நோவு விசாரிக்க வருகிறவர்கள் நேராக வைத்தியரிடமே போய் என்ன நோவு, பிழைப்பானா என்று கேட்பார்கள். அவர் சொல்லவில்லை என்றால் மரியாதை தெரியாதவர் என்று அர்த்தம். நான் போனதும் அப்படித்தான், மச்சினனும் பங்காளிகள் இரண்டு பேரும் சூழ.

கூடத்தில் சந்தைக் கூட்டம். கம்பவுண்டர் மலையாளத்துக்காரர். ஆட்களை ஊரும் நோவும் சேர்த்து உரக்கக் கூப்பிடுவதுதான் அவர் வழக்கம். "நாட்டுக்கல் சொறி! வா! வேலந்தாவளம் மூலம்! இவிடெ வா!" கூப்பிடப்பட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போவார்கள், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் முறை வந்ததும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மீனாட்சிபுரம் பனி! பனிக்கு முன்னாடி சீதபேதி உண்டோ? வயித்தாலே ரத்தம் போயோ?" என்று கேட்டார். அவர் பாஷையில் பனி என்றால் காய்ச்சல். அத்தனை பேர் முன்னால் என் வயிற்று விவகாரத்தையா சொல்வேன்? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். மச்சினனும் எனக்காகத் தலையை ஆட்டினான்.

உள்ளே போனதும் நாங்கள் நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசினோம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நோவு நாலு பேருக்குமாக்கும்?" என்றார்.

"இல்லீங்க சாமி, மச்சானுக்குத்தானுங்க."

"அப்படின்னா மத்தவா வெளியில இருங்கோ."

பங்காளிகளுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. தனியாக ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, தோட்டம் உள்ளவர்களைக் கூப்பிடும் வழக்கப்படி பண்ணாடி என்று என்னைக் கூப்பிட்டு, கம்பவுண்டர் கேட்ட அதே கேள்வியை மெதுவாகக் கேட்டார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். ஆடி மாதம் சீதபேதி வந்து படாதபாடு பட்டிருந்தேன்.

"வெளியில ஏன் இல்லைன்னேள்?"

"அத்தன பேர் முன்னாடி எப்பிடீங்க சொல்றது?"

"அது என் பேரில தப்பு. அந்தக் கேள்வியை அங்கே கேட்டிருக்கப்படாது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்கோ, பண்ணாடி. இந்த ரூமுக்குள்ள நீங்க பொய் சொன்னா என் ஊசி தப்பான இடத்திலதான் இறங்கும். நான் வெளியில சொல்ல மாட்டேன், நீங்க உள்ளே ஒளிக்கப்படாது. சம்மதமா?"

"யாரு கேட்டாலும் சொல்லப்படாதுங்க சாமி. பொண்ணுக்கு உப்புச்சர்க்கரை மாத்தியிருக்குது."

"யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். சொல்லுங்கோன்னு நீங்களே வாயைத் திறக்கற வரைக்கும்."

பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த வாக்குதான் பிறகு என் கழுத்துக்குக் கயிறானது.

அவர் விரலால் நெஞ்சையும் விலாவையும் தட்டித் தட்டிக் கேட்டார். இரண்டு விலா எலும்புக்கு நடுவே ஓரிடத்தில் அழுத்தினார், கத்திவிட்டேன். சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பூதக்கண்ணாடிக் குழலில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அந்த நேரம் முழுக்க நான் அம்முணியின் கல்யாணத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் திரும்பி, "க்ஷயம் இல்லை" என்றார். அழுகை வந்துவிட்டது. சீதபேதியை உண்டாக்கும் பூச்சி குடலிலிருந்து ஈரலுக்குப் போய் அங்கே சீழாகக் கட்டியிருக்கிறதாம். ஈரல் வீங்கி மேலே நெஞ்சை இடிப்பதால்தான் இருமலாம். எமட்டின் என்று ஒரு மருந்து, தினம் ஊசி. பூச்சியைக் கொல்லும், ஆனால் இதயத்தையும் தளரப் பண்ணும். அதனால் மல்லாந்து படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும், எழுந்து உட்காரவே கூடாது என்றார்.

"உட்காந்தா என்னாகுமுங்க?"

"சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேர் உட்கார்ந்த இடத்திலேயே போயிடுவா."

மனைவிக்குச் சின்னக் குழந்தைகளும் கறவை மாடுகளும் இருந்தன. அம்முணிதான் என்னோடு தங்கினாள். கல்யாணம் நிச்சயமான பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கலாமா என்று ஒறம்பரையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்கள் யாரும் வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவில்லை. படுத்தபடியே குடிப்பதற்கு அவள் கெண்டியில் கஞ்சி ஊற்றி அதன் மூக்கை என் வாயில் வைப்பாள். அப்பனைக் கைக்குழந்தையாக்கிவிட்டாளே என்று எனக்கு வெட்கம். "எருமைக்கன்னுக்குப் புகட்டறதுக்கு இது லேசுங்கப்பா" என்பாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அங்கே கிடந்திருக்க மாட்டேன்.

சில ஊசிகளுக்குப் பிறகு சீழை எடுத்தார் டாக்டர். விலாவை மரத்துப்போகப் பண்ணிவிட்டு, கோணூசி கனத்துக்கு ஒரு ஊசியை உள்ளே இறக்கினார். வலி தெரியவில்லை, ஆனால் உள்ளே ஏதோ நகர்வது தெரிந்தது. அது வலியைவிட மோசம். அம்முணி என் தலையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கச் சொன்னாள். ராகிக் கூழ் நிறத்தில் ஒரு கிண்ணம் நிறையச் சீழ் வந்தது. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா வரப்பில் நடந்தேன் என்று மலைத்துப்போனேன். அன்று சாயங்காலம் குளிர் வரவில்லை.

உடம்பு இப்படித் தேறிக்கொண்டிருந்தபோது வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நோவு விசாரிக்க வந்தவர்கள் வழக்கம்போல டாக்டரிடம் போனார்கள். அவரோ, "பண்ணாடியையே கேளுங்கோ" என்று ஒரே பதிலைச் சொல்லிக் கும்பிடு போட்டார். எந்த வைத்தியரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. நல்ல நோவாக இருந்தால் சொல்லியிருப்பாரே, சொல்லக் கூடாத நோவாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இருமலை ஏற்கெனவே பலபேர் கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான். என்னிடம் கேட்டவர்களுக்கு ஈரல் என்று நான் சொன்னேன். நோவுக்காரன் வேறென்ன சொல்வான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மச்சினன் ஓடி வந்தான். "மச்சான், கொழிஞ்சாம்பாறைக்குச் சேதி போயிருச்சுங்க. நேத்து சம்பந்தி இங்க வந்து டாக்டருகிட்ட என்ன நோவுன்னு கேட்டிருக்காரு. இவரு வாயே தொறக்கலீங்களாமா. அவரு உங்களப் பாக்காமலே வண்டி ஏறிட்டாருங்க."

நான் கேட்டு வாங்கிய வாக்கு என் மேலேயே திரும்பியது இப்படித்தான். டாக்டரைக் கூப்பிட்டு, ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிடத் துடித்தேன். அவர் வெளியூருக்கு நோயாளி பார்க்கப் போயிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பினார். வந்ததும் தட்டிக்கு அந்தப் புறம் யாரோ காத்திருந்த சத்தம் கேட்டது. பின்கதவு வழியாக வந்திருக்க வேண்டும்.

"சாமி, நெனவு போயிருதுங்க" என்றது அந்தக் குரல். "கை காலெல்லாம் இழுக்குது. நாக்கக் கடிச்சுக்கறனுங்க. பொறவு முளிச்சுப் பாத்தா ஏதுமே ஞாபகம் இருக்கறதில்லீங்க."

விசிறிக்கொண்டிருந்த அம்முணியின் கை நின்றது. அந்தக் குரலை நாங்கள் இருவரும் ஆவணியில் உப்புச்சர்க்கரை அன்று எங்கள் வீட்டிலேயே கேட்டிருந்தோம்.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பையன் ஒவ்வொன்றாகச் சொன்னான். பன்னிரண்டு வயதிலிருந்து வருகிறதாம். மாதத்துக்கு ஒரு தரம், சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். கிணற்று மேட்டுக்குத் தனியாகப் போகாதே, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டாதே, அடுப்புப் பக்கம் தனியாக இருக்காதே என்று டாக்டர் சொன்னார். தினமும் குடிக்க ஒரு மருந்து தருவதாகவும், ஒரு நாளும் விடக் கூடாது என்றும் சொன்னார். அப்புறம் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கண்ணாலம் வெச்சிருக்குதுங்க சாமி. பொண்ணூட்டுல சொல்லப்படாதுன்னு எங்க அய்யன் சத்தியம் வாங்கியிருக்குது. சொல்லோணுமுங்களா?"

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "ஆனா நீ சொல்லணும்."

காக்காய் வலிப்பு! என் மகளை ஒரு காக்காய் வலிப்புக்காரனுக்கு, அதுவும் மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்திருக்கிறார்கள்! எனக்கு க்ஷயமா என்று மோப்பம் பிடிக்க வந்த ஆள், தன் வீட்டில் இதை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! முழங்கையை ஊன்றி எழப்போனேன். அம்முணி இரண்டு கையாலும் என் தோளை அமுக்கினாள்.

"அசையப்படாதுங்கப்பா. செத்துப்போயிருவீங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். நிறமே இல்லை. ஆனால் பிடி மட்டும் விடவில்லை.

பையன் போன பிறகு டாக்டர் என் நாடி பார்க்க வந்தார். தொட்டவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. "கேட்டேளா?" என்றார்.

"கேட்டனுங்க. இப்பச் சொல்லுங்க சாமி, என்னுங்க அது? தீருமா, தீராதா? பொறக்கற கொளந்தைக்கும் வருமா?"

"அதுக்கு நான் பதில் சொல்லப்படாது."

"என்ற பொண்ணுங்க சாமி!"

"தெரியும். உங்க விஷயத்தை உங்க சம்பந்திக்குச் சொல்லலை. அவா விஷயத்தை உங்களுக்கும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு வந்தது ஒண்ணுமில்லாத நோவுங்க. இது அப்பிடியா?"

"ஒண்ணுமில்லாததுன்னு தெரியறதுக்கு முன்னாடிதான் நீங்க என்கிட்ட வாக்கு வாங்கினேள்." அவர் நாடியை விடாமல் பிடித்துக்கொண்டே என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "இங்கே சுவர் வெக்காதது என் தப்பு. நாளைக்கே கொத்தனைக் கூப்பிடறேன். அந்தப் பையனையும் கூப்பிட்டு, நீங்க இந்தப் பக்கம் இருந்தேள், கேட்டுட்டேள்னு சொல்லிடுவேன். அது நான் அவனுக்குப் பட்ட கடன். ஆனா கேட்டது உங்க காதில விழுந்ததினாலே உங்களுதாகிடாது. கல்யாணத்தை நிறுத்தறது உங்க இஷ்டம். காரணத்தைச் சொல்றது அவன் இஷ்டம்."

எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. உடனே வண்டியைக் கட்டச் சொல்லிக் கத்தினேன். அவர் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. அது அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கிய பிறகுதான் அவர் எழுந்து போனார்.

மூன்று நாள் கழித்து சம்பந்தி மறுபடியும் வந்தார், இந்தத் தடவை பையனையும் கூட்டிக்கொண்டு. கட்டிலுக்கு அருகே வராமல் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளியே நின்றார். பையன் நிலைப்படிக்கு வெளியே நின்றான். டாக்டர் அவனிடம் சொல்லிவிட்டார் என்பது அவன் என்னைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"ஒளிவு மறைவு வேண்டாமுங்க" என்றார் சம்பந்தி. "க்ஷயமுங்களா, இல்லீங்களா?"

வலிப்பு என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரே ஒரு சொல் சொன்னால் அந்தத் துண்டு மூக்கிலிருந்து தானாக இறங்கிவிடும். அம்முணி என் கால்மாட்டில் நின்றாள். நான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"சாமி, என்ற நோவு என்னன்னு இவருக்குச் சொல்லுங்க. நானே கேக்கறனுங்க."

டாக்டர் சொன்னார். ஈரல், சீழ், பூச்சி, சளியில் க்ஷயம் இல்லை என்று எல்லாவற்றையும் விளக்கினார். சம்பந்தியின் துண்டு பாதிதான் இறங்கியது.

"என்றதச் சொல்லிப்போட்டனுங்க, சம்பந்தி" என்றேன். "உங்க ஊட்டுல எனக்குச் சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"எங்க ஊட்டுல என்னுங்க? ஒண்ணுமில்லீங்க."

"இருக்குதுங்க" என்றான் பையன் வெளியிலிருந்து.

அவன் உள்ளே வந்தான். அப்பன் கையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டான். என்னைப் பார்த்துத்தான் தொடங்கினான், ஆனால் பாதியில் அம்முணி பக்கம் திரும்பி அவளிடமே சொல்லி முடித்தான். மருந்து சாப்பிட ஆரம்பித்திருப்பதையும், தீரும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை என்பதையும்கூடச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

சம்பந்தி அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். அடுத்த சந்தைக்குள் தரகர் மூலமாக உப்புச்சர்க்கரை முறிந்தது. பெண்ணின் அப்பனுக்கு க்ஷயம், தப்பித்தோம் என்று அவர் போகிற இடமெல்லாம் சொன்னார்.

மச்சினன் கொதித்தான். அந்தப் பேச்சு நடந்தபோது அவன் அங்கே இல்லை. "டாக்டருகிட்டச் சீட்டு எளுதி வாங்கி, ஊர் நடுவுல படிச்சுக் காட்டுவோமுங்க மச்சான்!" என்றான். டாக்டரும் எழுதித்தரத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் எனக்கு க்ஷயம் இல்லை என்று தெரிந்தால், பிறகு கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அல்ல, தோண்டுகிறவர்கள். தோண்டினால் பையன் அகப்படுவான். சீட்டு வேண்டாம் என்றேன். மச்சினன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள், அவளுக்கும் சொல்லவில்லை. அவள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

அம்முணியிடம்தான் ஒரு தடவை கேட்டேன். "நாஞ் செய்யறது உனக்குச் செய்யற துரோகமா அம்முணி? ஒரு வார்த்த சொன்னா உன்ற பேரு தப்பிச்சுக்கும்."

"சொல்லப்படாதுங்கப்பா. அவுங்க அய்யன் அந்தப் பக்கம் இளுக்க, அவரு இந்தப் பக்கம் வந்து சொன்னாரு. அத வெச்சு அவர அடிக்கறதா? என்னயக் கேட்டா வலிப்பு பயமில்லீங்க. எங்க வெச்சு வரும், வந்தா என்ன பண்ணோணும்னு தெரிஞ்சுக்கலாம். பொய்யி எங்க வெச்சு வரும்னுதான் தெரியாது."

இதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அவள் மனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

உடம்பில் சதை பிடித்தது, இருமல் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் ஊர் விடவில்லை. எங்கள் வீட்டுப் பாலை வாங்குவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நேரில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் மாடே கறக்கிறது, வேண்டாம் என்பார்கள். மாடே இல்லாத வீட்டிலும் இதே பதில்தான். மிஞ்சிய பாலையெல்லாம் உறைக்கு ஊற்றி மோராக்கிக் கன்றுகளுக்கு வைத்தாள் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல். அம்முணியைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. சில சாயங்காலங்களில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். வாயைக் கட்டிக்கொண்டிருப்பது அந்தப் பெரிய ஊசியைவிடக் கடினமாகத்தான் இருந்தது.

பங்குனியில் வேலந்தாவளத்தில் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணம். போகாமல் இருந்தால் அதுவே ஒரு பேச்சாகும் என்று போனேன். பந்தியில் உட்காரப் போனபோது பரிமாறுகிற ஆள் பணிவாக, "உங்களுக்கு அங்க போட்டிருக்குதுங்க" என்றான். பந்தல் ஓரத்தில், வரிசை முடிந்து கொஞ்சம் இடம் விட்டு, ஒற்றை இலை. பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவரிசையில் பழைய சம்பந்தி, பக்கத்தில் பையன். நான் போய் அந்த இலை முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனே தவிர, கண்ணில் இலை தெரியவில்லை.

அப்போது நடுவரிசையில் ஒரு சலசலப்பு. பையன் எழுந்து நின்றான். அப்பன் அவன் வேட்டியைப் பிடித்தார். அவன் தன் இலையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் நடந்து வந்து, என் பக்கத்தில் தரையில் விரித்து உட்கார்ந்தான். பரிமாறுகிறவன் சோற்று வாளியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"அவருக்கு ஒரு நோவுமில்லீங்க" என்றான் பையன். குரல் நடுங்கியது, ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது. "நோவு எனக்குத்தானுங்க. காக்கா வலிப்பு. சின்னதுல இருந்தே இருக்குதுங்க. அது தெரிஞ்சும் இவரு ஆருகிட்டயும் சொல்லாம இருந்தாரு. எலையத் தனியாப் போடறதுன்னா எனக்குப் போடுங்க."

அவன் அப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பையன் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்; காது மடல்கள் சிவந்திருந்தன. இலைமேல் தெளித்த தண்ணீர் அவன் மடியில் ஓடியது.

நான் பரிமாறுகிறவனைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவன் வந்து முதலில் அவனுக்கும் பிறகு எனக்கும் சோறு வைத்தான். பையன் இன்னும் தலை நிமிரவில்லை.

"சாப்புடுங்க, மாப்பிள்ளை" என்றேன்.